உயிலின் எக்ஸிகியூட்டரை மாற்ற முடியுமா?

கேள்வியின் சாரம் இது: அப்பா 2020-இல் காலமானார். பதிவு செய்த உயில் இருக்கிறது. அதில் தன் தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக) நியமித்திருக்கிறார். சொத்து என்று பார்த்தால் சென்னையில் வாடகைக்கு விட்ட இரண்டு வீடுகளும் கொஞ்சம் வங்கி வைப்புத்தொகையும். அம்மா இருக்கும்வரை வாடகை அம்மாவுக்கு. அதன் பிறகு எல்லாம் எனக்கும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் சமபாகம். 2021-இல் சித்தப்பா உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கினார். இன்றுவரை ஒரு கணக்கும் காட்டவில்லை. அம்மா கையில் மாதம் ஏதோ ஒரு தொகை கொடுக்கிறார். இப்போது அவருக்கு உடல்நிலை சரியில்லை. வாடகை வாங்குவது முதல் எல்லாவற்றையும் அவர் மகன்தான் பார்க்கிறார். சித்தப்பாவை நீக்கிவிட்டுத் தம்பியை நியமிக்க முடியுமா? சித்தப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு அவர் மகனிடம் போய்விடுமா?

உங்களை அதிகம் பயமுறுத்துவது கடைசிக் கேள்விதான் என்று தெரிகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாது. எக்ஸிகியூட்டர் பொறுப்பு பரம்பரைச் சொத்து இல்லை. உங்கள் அப்பா நம்பியது தன் தம்பியை; தம்பியின் மகன் உயிலில் எங்கும் இல்லை. இங்கிலாந்தில், ப்ரொபேட் வாங்கிய எக்ஸிகியூட்டர் இறந்தால், அவருடைய உயிலை நிறைவேற்றப் ப்ரொபேட் வாங்குகிறவர் பழைய பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் முறை உண்டு. நம்முடைய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்த வழியில் போகவில்லை. ப்ரொபேட் பெற்ற எக்ஸிகியூட்டர் வேலையை முடிக்காமல் இறந்தால், மீதி வேலைக்குப் புதிய பிரதிநிதியை நியமிக்கலாம் என்கிறது 258-ஆம் பிரிவு. மீதிச் சொத்து முழுவதும் யாருக்கு எழுதப்பட்டிருக்கிறதோ அவரே அந்த நியமனத்தைக் கேட்கலாம் என்கிறது 232-ஆம் பிரிவு. உங்கள் விஷயத்தில் அது நீங்களும் உங்கள் தம்பியும். உயிலில் இரண்டு எக்ஸிகியூட்டர்கள் இருந்து ஒருவர் இறந்திருந்தால், எஞ்சியவரே முழுப் பொறுப்பையும் ஏற்பார்; இங்கே அந்தக் கேள்வி எழவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சித்தப்பா காலமான பிறகும் அவர் மகன் வாடகை வாங்கிக்கொண்டே இருந்தால், உரிமை இல்லாமல் இறந்தவர் சொத்தில் கைவைத்தவர் ஆகிறார். முறையான எக்ஸிகியூட்டரோ நீதிமன்றம் நியமித்த நிர்வாகியோ இல்லாத நேரத்தில் அப்படித் தலையிடுகிறவரைச் சட்டம் தானே தலையில் பொறுப்பைத் தூக்கிக்கொண்டவராக நடத்துகிறது. 303, 304 ஆகிய பிரிவுகளின்படி, தன் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். சித்தப்பா உயிரோடு இருக்கும் இப்போதைக்கு, மகன் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சித்தப்பாவே பொறுப்பு. எக்ஸிகியூட்டர் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். பொறுப்பைக் கைமாற்ற முடியாது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். மாற்ற முடியும். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு நேராக நீக்க மனு போடுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணக்கைக் கேளுங்கள். எழுத்தில், தேதியோடு, முறைப்படி கேளுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். ப்ரொபேட் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்தவரின் சொத்து, வரவேண்டிய பாக்கி, கடன் எல்லாவற்றையும் காட்டும் முழுப் பட்டியலை எக்ஸிகியூட்டர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும்: கைக்கு என்ன வந்தது, அது எப்படிச் செலவானது என்று. இது 317-ஆம் பிரிவு. நீதிமன்றம் கால அவகாசத்தை நீட்டிக்கலாம், கடமையை நீக்குவதில்லை. இதை யாரும் எக்ஸிகியூட்டரிடம் ஞாபகப்படுத்துவதில்லை. ப்ரொபேட் கையில் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாகவே பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்கள் சித்தப்பாவும் அப்படி நினைத்திருக்கலாம். ஆகவே தாக்கல் செய்யாததை உடனே திருட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீதிமன்றமே அவகாசத்தைத் தந்திருந்தால் ஒழிய, 2022-க்குள் முடிந்திருக்க வேண்டிய கடமை இது. கேட்ட பிறகும் செய்யாவிட்டால், அதற்கு அவர் காரணம் சொல்லியாக வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

முதல் வேலையாக, ப்ரொபேட் வழங்கப்பட்ட அசல் மனுவின் எண்ணைக் குறித்துக்கொண்டு உயர் நீதிமன்றப் பதிவகத்தில் நகல் மனு போடுங்கள். பட்டியலோ கணக்கோ தாக்கலாகியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். தாக்கலாகியிருந்தால் அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். சில சமயம் பட்டியல் இருக்கும், ஆனால் அதில் ஒரு வைப்புத்தொகை விடுபட்டிருக்கும். அந்த ஒரு வரியே பின்னால் பெரிய ஆயுதமாகிறது.

அடுத்தது நோட்டீஸ். சித்தப்பா பெயருக்கு அனுப்புங்கள். மகன் பெயருக்கு அனுப்பினால் அவருடைய நிர்வாகத்தை நீங்களே ஏற்றுக்கொண்டது போல் வாதிடுவார்கள். கோபமான வார்த்தை ஒன்றும் அதில் இருக்கக் கூடாது. 2020 முதல் மாதவாரியாக இரண்டு வீட்டு வாடகை, குடியிருப்பவர்களின் வாடகை ஒப்பந்தம், சொத்து வரி மற்றும் குடிநீர் வரி ரசீதுகள், வைப்புத்தொகை முதிர்ந்த தேதியும் மறுமுதலீட்டு விவரமும், அசல் பத்திரங்கள் யாரிடம் இருக்கின்றன என்ற விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். வாடகை அட்வான்ஸைத் தனியாகக் கேளுங்கள். சென்னையில் பல மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது வழக்கம். அது சொத்தின் வருமானம் கிடையாது. குடியிருப்பவர் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய கடன். நாளை புதிய நிர்வாகி வரும்போது, அட்வான்ஸ் பணம் முந்தையவர் கையிலேயே நின்றுவிட்டால், திருப்பித் தரும் சுமை உங்கள் பங்கின் மீதுதான் விழும். எக்ஸிகியூட்டர் என்ற முறையில் அவர் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்குகளையும் கேளுங்கள். இறந்தவரின் சொத்து உரியவர்களுக்குப் போய்ச் சேரும்வரை அதன் வருமானத்துக்கு எக்ஸிகியூட்டரிடம் அவருடைய சொந்த வருமானத்திலிருந்து தனியாக வரி மதிப்பீடு செய்வது நம் வரிச் சட்டத்தின் முறை. அப்படித் தனிக் கணக்கு இல்லை, வாடகை அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், இரண்டு பணமும் கலந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பதிலுக்கு முப்பது நாள் கொடுங்கள்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த அடியை 301-ஆம் பிரிவின் கீழ் எடுத்து வைக்கலாம். தனியார் எக்ஸிகியூட்டரையோ நிர்வாகியையோ தற்காலிகமாக நிறுத்திவைக்கவும், நீக்கவும், பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. அவருடைய இடத்துக்கு வேறொருவரைக் கொண்டுவரவும், சொத்து அந்தப் புதியவரிடம் சேரும்படி உத்தரவிடவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. இது உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். ப்ரொபேட் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வழங்கப்பட்டிருந்தாலும், 301-இன் கீழ் நீக்கக் கேட்பதானால் உயர் நீதிமன்றத்துக்கே வர வேண்டும். தென் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளையில் கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் நீக்க மனு போட்டு, அதிகார வரம்பு இல்லை என்று அது திரும்பி வருவதற்குள் காலம் ஓடிவிடுகிறது.

அந்தப் பிரிவில் இருக்கும் விடுவித்தல் என்ற வழியை நீங்கள் முதலில் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சித்தப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை. அவரே, தன்னால் இனி இயலவில்லை, தன்னை விடுவியுங்கள் என்று மனுச் செய்யலாம். நீங்களும் அம்மாவும் தம்பியும் அதற்குச் சம்மதப் பிரமாணப் பத்திரம் தரலாம். அதோடு கணக்கையும் அவர் தாக்கல் செய்யலாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் காரியம் முடியும். குடும்பத்தில் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிப் பாருங்கள். பேச்சில் ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கணக்கு இல்லாமல் விடுதலை இல்லை. கணக்கை ஏற்றுக்கொண்டோம் என்று வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்துக் கேட்டால், ஆவணங்களைப் பார்க்காமல் போட வேண்டாம். அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இப்படிப்பட்ட காகிதங்கள் முதலில் அம்மாவிடம்தான் வரும்.

ஒரு தவறான யோசனையை இங்கே தடுத்துவிட வேண்டும். சித்தப்பா ஒரு பத்திரம் எழுதி எக்ஸிகியூட்டர் பொறுப்பை உங்கள் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடலாம், அல்லது பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பத்திரம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எக்ஸிகியூட்டர் பதவியைத் துறப்பது என்பது பொறுப்பை ஏற்பதற்கு முன் செய்வது. நீதிபதி முன் வாய்மொழியாகவோ, கையெழுத்திட்டு எழுத்து மூலமாகவோ துறக்கலாம். ஒருமுறை துறந்தவர் பிறகு ஒருபோதும் ப்ரொபேட் கேட்க முடியாது. இது 230-ஆம் பிரிவு. ப்ரொபேட் வாங்கி நிர்வாகமும் செய்துவிட்ட சித்தப்பாவுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அவர் எழுதிக் கொடுக்கும் எந்தப் பத்திரமும் உங்கள் தம்பியை எக்ஸிகியூட்டர் ஆக்காது. பொது அதிகாரப் பத்திரமோ, சித்தப்பாவின் மூச்சு நின்ற கணத்தில் செத்துவிடும். அதை நம்பி வீட்டை விற்கப் போனால், வாங்குகிறவரின் வழக்கறிஞர் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்.

சித்தப்பா மறுத்தால் நீக்கக் கேட்டு மனு. எந்தக் காரணத்துக்கு நீதிமன்றம் செவிசாய்க்கும், எதற்குச் செவிசாய்க்காது என்பதில் தெளிவு வேண்டும். இறந்தவர் தானே தேர்ந்தெடுத்த ஆளை நீதிமன்றம் லேசில் மாற்றாது. அந்தத் தேர்வுக்கு மரியாதை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இந்த விஷயத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து, அன்று பிரிட்டிஷ் காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1884-இல் தீர்ப்பான லெட்டர்ஸ்டெட் எதிர் புரோயர்ஸ் வழக்கு. பயனாளிகளின் நலன்தான் முதல் அளவுகோல் என்றும், இரு தரப்புக்கும் மனக்கசப்பு என்பது மட்டுமே நீக்கப் போதாது என்றும், அந்தக் கசப்பு நிர்வாகம் நடந்த விதத்திலிருந்து முளைத்ததாக இருந்தால் அதைக் கணக்கில் கொள்ளலாம் என்றும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. ஆகவே, போன் எடுப்பதில்லை, கல்யாணத்துக்கு அழைக்கவில்லை, மூத்த பிள்ளையை விட்டுவிட்டு அப்பா தன் தம்பியைப் போட்டது அநியாயம் என்பவை மனுவில் இடம்பெறவே கூடாது. அவை உண்மையான காரணங்களை மங்கச் செய்துவிடும். முதல் ஓராண்டில் பங்கு தரவில்லை என்பதும் காரணம் ஆகாது. இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை உயிலில் எழுதியதைக் கொடுக்க எக்ஸிகியூட்டர் கட்டுப்பட்டவர் இல்லை என்று 337-ஆம் பிரிவே சொல்கிறது.

எடுபடும் காரணங்கள் வேறு வகை. கேட்டும் கணக்குத் தரவில்லை. வாடகையைச் சொந்தப் பணத்தோடு கலந்துவிட்டார். இறந்தவரின் சொத்தை நேராகவோ பினாமியாகவோ தானே வாங்கினார். அப்படி வாங்கியது, அந்தச் சொத்தில் அக்கறையுள்ள மற்றவர் கேட்டால் ரத்தாகக்கூடியது என்கிறது 310-ஆம் பிரிவு. வீட்டில் தனக்கே உரிமை இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். சொத்து வரி கட்டாமல் நிலுவை ஏறிவிட்டது. உடல்நிலையாலோ முதுமையாலோ தானே நிர்வகிக்க முடியாமல், உயிலில் பெயரில்லாத ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார். உங்கள் கேள்வியிலேயே இவற்றில் சில தெரிகின்றன. உடல்நிலை என்ற காரணத்தை முன்னிறுத்துங்கள். அதில் அவமானம் இல்லை, மறுப்பதும் கடினம்.

சித்தப்பாவை நீக்குவதற்குப் பதிலாக அவரை வழிக்குக் கொண்டுவரும் பாதையும் ஒன்று உண்டு. ப்ரொபேட் வழங்கப்பட்ட பிறகு, நிர்வாகத்தைப் பற்றி எக்ஸிகியூட்டருக்குப் பொதுவான அல்லது குறிப்பிட்ட உத்தரவுகளை உயர் நீதிமன்றம் தரலாம். அது 302-ஆம் பிரிவு. வாடகையைத் தனி வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும், அதிலிருந்து நேராக அம்மாவின் கணக்குக்குப் போக வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும் என்று உத்தரவு கேட்கலாம். மீதி இருக்கும் வேலை சொற்பமாக இருந்தால், ஆளை மாற்றுவதைவிட இது சீக்கிரம் முடியும். உயிலின்படி ஒருவருக்கு வந்த சொத்தின் உரிமை நிறைவு பெற எக்ஸிகியூட்டரின் ஒப்புதல் தேவை என்கிறது 332-ஆம் பிரிவு. கடன்கள் தீர்ந்து, கொடுக்க வேண்டியதை உரியவரிடம் கொடுப்பது மட்டுமே பாக்கி என்றால், அந்த ஒப்புதலை வாங்குவதோடு அவர் வேலை முடிந்துவிடும். பிறகு யாரை நீக்குவது? உங்கள் விஷயத்தில் அப்படி முடியாது. அம்மாவின் ஆயுள்காலம் முழுவதும் யாராவது வாடகையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், ஆள் மாற்றமே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அந்த நீண்ட காலப் பொறுப்பு இன்னொரு சட்டச் சிக்கலைக் கொண்டுவருகிறது. கடனை அடைத்து, நிர்வாகத்தை முடித்துவிட்டு, ஒருவருடைய நன்மைக்காகச் சொத்தை வைத்துப் பராமரிப்பவர் அந்தக் கட்டத்தில் எக்ஸிகியூட்டராக நிற்கிறாரா, அறங்காவலர் என்ற டிரஸ்டியாக நிற்கிறாரா? உயிலின் வாசகத்தைப் பொறுத்தது அது. டிரஸ்டி ஆகிவிட்டார் என்று நீதிமன்றம் கருதினால், பொருந்துவது 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டுகள் சட்டத்தின் 73, 74 ஆகிய பிரிவுகள். டிரஸ்டி இறந்தால், விடுவிக்கக் கேட்டால், இயலாதவர் அல்லது தகுதியற்றவர் ஆனால், இந்தியாவை விட்டு வெளிநாட்டில் குடியேறினால் புதியவரை நியமிக்க அவை வழி சொல்கின்றன. எதிர்த்தரப்பு, இவர் இப்போது எக்ஸிகியூட்டரே இல்லை, ஆகவே 301 பொருந்தாது என்று வாதிட இடம் இருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் மனுவை வரையும்போதே உயிலின் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு இரண்டு நிலைக்கும் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

ப்ரொபேட்டையே ரத்து செய்யக் கேட்கலாமே என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அது வாரிசுரிமைச் சட்டத்தின் 263-ஆம் பிரிவு. ப்ரொபேட் வாங்கிய நடைமுறையில் அடிப்படைக் குறை, முக்கியமான விஷயத்தை மறைத்து மோசடியாக வாங்கியது, உண்மையல்லாத முக்கியமான தகவலைச் சொன்னது, சூழ்நிலை மாறியதால் அது பயனற்றுப்போனது ஆகியவை அதற்கான காரணங்கள். கடைசியாக, நியாயமான காரணமின்றி வேண்டுமென்றே பட்டியலும் கணக்கும் தாக்கல் செய்யாதது, அல்லது முக்கிய அம்சத்தில் பொய்யான கணக்கைத் தாக்கல் செய்தது. இந்தக் கடைசிக் காரணம் உங்களுக்குப் பொருந்தலாம். வேண்டுமென்றே என்பதை நிரூபிக்கத்தான் மேலே சொன்ன நோட்டீஸ் தேவை. ஆனாலும் இதை முதல் வழியாக எடுக்க நான் சொல்ல மாட்டேன். ரத்து மனுவுக்கு, காலவரையறைச் சட்டத்தின் 137-ஆவது கூறின்படி மூன்றாண்டுக் கெடு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் லினெட் பெர்னாண்டஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2021-இல் வாங்கிய ப்ரொபேட்டுக்கு அந்த எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே பாதி வழக்கு நடக்கும். அதைவிட முக்கியம், அந்த ப்ரொபேட் உங்களுக்கே பாதுகாப்பு. உயில் உண்மையானது என்பதை அது நிலைநாட்டியிருக்கிறது. உயிலில் உங்களுக்குக் குறை இல்லை. நிறைவேற்றும் ஆளிடம்தான் குறை. ஆளோடு சண்டை போட அடித்தளத்தை இடிக்க வேண்டாம்.

இதற்கிடையே சித்தப்பா ஒரு வீட்டை விற்றுவிட்டால் என்ன ஆகும்? உடனே செயல்பட வேண்டிய இடம் இதுதான். ப்ரொபேட் நடப்பில் இருக்கும்போது எக்ஸிகியூட்டரிடம் நல்லெண்ணத்தோடு வாங்கியவரைப் பின்னால் வந்த ரத்து உத்தரவு பாதிக்காது என்பது கிரிஸ்டல் டெவலப்பர்ஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே இரண்டு வீட்டுக்கும் இன்றே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 301 மனுவோடு சேர்த்தே, விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடையாணை கேளுங்கள். உயிலின் செல்லுபடி பற்றியோ, ப்ரொபேட் வாங்குவது அல்லது ரத்து செய்வது பற்றியோ வழக்கு நிலுவையில் இருக்கும்போது இடைக்கால நிர்வாகியை நியமிக்க 247-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதன் வாசகம் அந்த வழக்குகளைத்தான் சொல்கிறது. 301 மனுவில் தடையாணை, தற்காலிக நிறுத்தம், தேவையானால் ரிசீவர் (வழக்கு முடியும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிப்பவர்) என்று கேட்பதே நேர்வழி.

யாரை முன்மொழிவது? தம்பி வேண்டாம் என்பேன். அவர் மேல் குறை ஒன்றும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து குழாய் பழுதையும் வாடகைப் பாக்கியையும் கவனிக்க முடியாது, நீதிமன்றமும் அதைக் கேட்கும். நீங்கள் சென்னையில் இருந்தால் நீங்களே முன்வாருங்கள். மீதிச் சொத்தில் பங்குள்ளவர் என்பதால் அது இயல்பான தேர்வு. தம்பியின் சம்மதப் பிரமாணப் பத்திரத்தை அங்குள்ள இந்திய ஹைகமிஷனில் (தூதரகம்) சான்றொப்பம் வாங்கி இணையுங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் சிறு உரசலாவது இருந்தால், இருவருக்கும் பொதுவான ஆடிட்டர் ஒருவரை முன்மொழிவது நல்லது. யாருமே ஒத்துவராவிட்டால், தமிழ்நாட்டின் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் இருக்கிறார். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறந்தவர்களின் சொத்தை நிர்வகிக்கவே ஏற்பட்ட அரசு அலுவலர் அவர். அந்த வழியில் கட்டணம் உண்டு, வேகம் குறைவு. ஆனால் கணக்கு இருக்கும்.

நீக்குவதால் போன பணம் திரும்பி வந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். சொத்தை முறைகேடாகப் பயன்படுத்தி நஷ்டம் ஏற்படுத்திய எக்ஸிகியூட்டர் அதை ஈடு செய்ய வேண்டும் என்று 368-ஆம் பிரிவும், வரவேண்டியதை வசூலிக்காமல் அலட்சியமாக விட்டால் அந்தத் தொகைக்கும் பொறுப்பு என்று 369-ஆம் பிரிவும் சொல்கின்றன. சித்தப்பா காலமானாலும் அந்தப் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது தொடரும். அப்போது கணக்கு அவருடைய வாரிசுகளிடம் கேட்கப்படும். கணக்குச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவதுதான் அவர் பிள்ளைகளுக்கும் நல்லது.

உயில் இல்லாத குடும்பங்களுக்காகக் கொஞ்சம். அங்கே எக்ஸிகியூட்டர் கிடையாது. லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் எனப்படும் நிர்வாகப் பத்திரம் வாங்கியவர்தான் நிர்வாகி. அவரை மாற்றுவதற்கும் இதே 301, 263 பிரிவுகள்தான். அவர் மீது பிடி இன்னும் இறுக்கமானது: நீதிமன்றத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார், அதை மீறினால் அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் பாதிக்கப்பட்டவருக்கு ஒப்படைத்து வழக்குப் போட அனுமதிக்கலாம். நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் அவர் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது.

உங்கள் மனுவுக்கே திரும்புகிறேன். கோரிக்கைப் பகுதியில் நீக்கமும் புதிய நியமனமும் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வீட்டின் விவர அட்டவணையோடு, சொத்து புதிய நிர்வாகியிடம் சேர்கிறது என்ற அறிவிப்பையும் கேளுங்கள். 301-ஆம் பிரிவில் அதற்கு நேரடி இடம் இருந்தும் பல மனுக்களில் அது விடுபட்டுவிடுகிறது, பிறகு வங்கியும் சார்பதிவாளர் அலுவலகமும் தெளிவுரை வாங்கி வரச் சொல்கின்றன. அசல் பத்திரங்கள், வாடகை ஒப்பந்தங்கள், அட்வான்ஸ் தொகை, சாவிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்படைக்க உத்தரவு கேளுங்கள். குடியிருப்பவர்கள் இனி யாரிடம் வாடகை கட்ட வேண்டும் என்பதும் உத்தரவில் இருக்கட்டும். முதல் விசாரணை நாளிலேயே, வழக்கு முடியும்வரை இரண்டு வீட்டு வாடகையும் நேராக அம்மாவின் வங்கிக் கணக்கில் விழும்படி ஓர் இடைக்கால மனுவும் தயாராக இருக்கட்டும். உயிலில் அந்தப் பணம் அவருக்கு என்று எழுதியிருக்கிறது. அதற்காக அவர் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.